அசல்காரர் வீட்டுக் கல்யாணம்

மனிதர்களில் அசல்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாவிட்டாலும் பாதகமில்லை, நீங்கள் எதையாவது ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்து அவரே எதிரே வருவார். பையைத் திறக்கச் சொல்லி, பொருளை ஒரு விரலால் தட்டி, மூக்கருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அசல் இல்லையே" என்பார். அவ்வளவுதான். அன்றைய சந்தோஷம் போச்சு.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நன்றாகக் கொழுத்து வளர இதற்கு ஒரு பழைய கட்டடம் வேண்டும். எங்கள் மூர்தால் பள்ளத்தாக்கில் அதற்குக் குறைவில்லை. மலைச்சரிவில், கறுகறுவென்று தார் பூசிக்கொண்டு, கூரைமேல் கூரையாக அடுக்கி, முகடுகளில் நாக்கை நீட்டும் டிராகன் தலைகளோடு, எண்ணூறு வருஷத்துக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது மரத் தேவாலயம். நோர்வே முழுக்க ஒரு காலத்தில் இதுபோல ஆயிரம் இருந்தன என்கிறார்கள். இன்று முப்பதுகூடத் தேறாது.

எங்களுடையது மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்கிறீர்களா? முன்னோர் பொன்போலப் பாதுகாத்தார்கள் என்று வாசலில் இருக்கும் பலகை சொல்லும். பலகை சொல்வதை நம்ப வேண்டாம். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது: ஊர் ஜனத்தில் பத்தில் மூன்று பேருக்காவது உட்கார இடமில்லாத தேவாலயம் கூடாது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் எல்லாரும் பழையதை இடித்து விறகாக்கி, புதிதாக வெள்ளையடித்த தேவாலயம் கட்டினார்கள். எங்கள் ஊரும் இடிக்கத்தான் தீர்மானம் போட்டது, ஒருவர்கூட எதிர்க்கவில்லை. புதியதை எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல். ஆற்றுக்குக் கிழக்கே இருந்தவர்கள் கிழக்கே என்றார்கள். மேற்கே இருந்தவர்கள் மேற்கே என்றார்கள். ஒரு தலைமுறை முழுக்க இந்தச் சண்டை நடந்தது. சண்டை ஓய்வதற்குள் தலைநகரத்திலிருந்து படம் வரைகிறவர்கள் வந்து, "ஆகா, என்ன பொக்கிஷம்!" என்று கண்ணீர் விட்டார்கள். இரண்டு கரைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஆமாம், இதுக்காகத்தான் காப்பாத்தி வெச்சோம்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

சரி, அசல்காரருக்கு வருவோம். எங்கள் ஊர் அசல்காரரின் பெயர் ஹால்வார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். பள்ளத்தாக்கில் யார் வாயைத் திறந்தாலும் உள்ளே அவர் கைவேலை மின்னும். அடைத்தது, கட்டியது, உறை போட்டது, பாலம் போட்டது என்று ஒரு ஊரின் வாய் முழுவதையும் காலமெல்லாம் போலிப் பொருளால் நிரப்பிய மனிதர், ஓய்வுபெற்ற மறுநாளே அசலைத் தேடிப் புறப்பட்டார். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் குத்திப் பார்க்கும் ஊசியையும் மட்டும் விடவில்லை. அவற்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தினமும் தேவாலயத்துக்குப் போவார். தூணின் அடியில் குனிவார். கண்ணாடியை இடுக்கில் விட்டுத் திருப்புவார். "ம்... ம்..." என்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே தூணுக்குப் பல் கூசும்.

மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்த நிபுணர்கள், இந்தத் தூண்களை 1180இல் வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போய்விட்டார்கள். 1180 போகவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஹால்வாருக்குச் சொத்தை. ஜன்னல்களா? பிற்காலத்து ஓட்டை. பெஞ்சுகளா? மதச் சீர்திருத்தக்காரர்கள் கொண்டுவந்த சோம்பேறித்தனம். பூவேலைப்பாடு செய்த பிரசங்க மேடையா? பல்செட். தரைப் பலகை, மணி, கதவுப் பூட்டு, கூரையின் டிராகன் தலைகளில் இரண்டு, எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்பார். அப்படிப் பிடுங்கினால் மிச்சம் இருப்பது பன்னிரண்டு தூணும் கொஞ்சம் காற்றும்தான். காற்றும் புதிசுதானே என்று யாரோ கேட்டார்கள். ஹால்வார் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தார்.

சாப்பாட்டு மேஜையிலும் இதே கதை. "நடுக்காலத்துல இந்த நாட்டுக்கு உருளைக்கிழங்கே வரல" என்று தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார். நோர்வேயில் உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டால் தட்டில் என்ன மிஞ்சும்? குழம்பும் கோபமும்தான்.

"காப்பி மட்டும் வந்துடுச்சா?" என்று அவர் மனைவி யோருன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டே கேட்பாள்.

"அது வேற."

யோருன் இத்தனை வருஷம் பள்ளத்தாக்கின் பஸ் ஓட்டியவள். ஏறும்போதே சண்டை போட்டுக்கொண்டு ஏறும் கிழக்குக் கரைக்காரர்களையும் மேற்குக் கரைக்காரர்களையும் ஒரே வண்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். ஆகவே அவளுக்குக் கோபம் சுலபமாக வராது. அசலைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் சாலையைப் பார்ப்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்போதாவது ஒன்று சொல்வாள்.

"ஊர்ல ஒருத்தர் வாயிலயும் அசல விட்டு வைக்காம, இப்ப மரத்துகிட்ட போய் அசல் எங்கன்னு கேக்கற பாரு."

அவளுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் புகைப்படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அதே தேவாலயம்தான். அந்த வருஷம் பூச்சி அரிப்புக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றதற்கு, இளம் ஹால்வார், "சாரம் கட்டின தேவாலயத்துல கல்யாணம் பண்ணிக்கிற பாக்கியம் எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்று கேட்டாராம். படத்தில் சாரக் கம்பங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பிளாஸ்டிக் திரை தெரிகிறது. திரைக்குப் பின்னால் மங்கலாக ஒரு உருவம். அதுதான் மணப்பெண். மேலே தெரியும் ஒரு பளபளப்பு யோருனின் தாய்வழியில் வந்த வெள்ளிக் கிரீடம்.

இப்போது மகள் சில்யேவுக்குக் கல்யாணம். அதே கிரீடம். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளி இலைகள் தொங்கும். தலை அசைந்தால் அவையும் அசையும். அதன் கீழே மகளின் முகத்தை, சத்தியம் சொல்லும் நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். யோருனின் ஆசை இவ்வளவுதான்.

ஹால்வார் மகளுக்கு ஒரு பரிசு தயார் செய்திருந்தார்.

"கண்ணு," என்று சில்யேவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. நிஜமான கண்ணீர், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. "உன் கல்யாணத்தன்னிக்கு அந்தத் தேவாலயம் 1180ல எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கப்போவுது. ஒரு நாளைக்கு மட்டும். தலைநகரத்துலேர்ந்து அனுமதி வாங்கிட்டேன். ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, எல்லாத்தையும் மறுபடி பழையபடி வெச்சுடணும், அவ்ளோதான். ஜன்னலையெல்லாம் கம்பளி போட்டு மறைச்சிடறோம். பெஞ்சு, மேடை எல்லாம் வெளிய. எண்ணூறு வருஷத்துல எந்தப் பொண்ணுக்கும் கெடைக்காத கல்யாணம் உனக்கு!"

சில்யே அம்மாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை எஸ்பென் கூரையைப் பார்த்தான். அவன் வடக்கே, சால்மன் மீன் பண்ணையில் வேலை செய்கிறவன். மாமனார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் தெற்கே வந்திருந்தான்.

"ஜன்னல மூடினா வெளிச்சம்?" என்றாள் யோருன்.

"மேல கூரைக்குக் கீழ வட்டமா ஓட்டை இருக்கே. அதான் அசல் வெளிச்சம்."

"அது என் உள்ளங்கை அகலம்கூட இல்லியே! மெழுகுவத்தி?"

"உள்ள நெருப்பே கூடாது. தேவாலயக் கமிட்டிக்கு அந்த விதிய எழுதிக் குடுத்ததே நான்தான்."

"அப்ப பல்ப போடு."

"1180லயா?" என்று சிரித்தார்.

பார்த்தீர்களா? மெழுகுவத்தி அசல், ஆனால் ஆபத்து. பல்பு பத்திரம், ஆனால் போலி. இரண்டையும் நேர்மையாகக் கடைப்பிடித்தால் மிஞ்சுவது கும்மிருட்டு. அசல்காரரிடம் தர்க்கப் பிழையே இருக்காது. அதுதான் அவரிடம் உள்ள பெரிய கஷ்டம்.

"ஹால்வார், எனக்கு அவ முகத்தப் பாக்கணும்" என்றாள் யோருன் நேராகவே.

"கண்ணு இருட்டுக்குப் பழகிடும்."

"எவ்ளோ நேரத்துல?"

"ஒரு முக்கால் மணி நேரத்துல."

"கல்யாணமே அரை மணி நேரம்தான்டா மனுஷா!"

ஒத்திகைக்குப் போனார்கள். ஊரில் இன்னொரு அசல்காரரும் இருக்கிறார் என்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த இனம் ஒற்றையாக வாழாது. அவர் பெயர் குத்பிரான். ஃபெரிப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடத்தில் ஹால்வாருக்குப் பக்கத்து இடம். அவருக்கும் அசல்தான் வேண்டும், ஆனால் அவருடைய அசல் 1680. சுவரில் பூ வரைந்து, பிரசங்க மேடை வைத்து, தேவாலயம் கண் திறந்தது அந்த வருஷத்தில்தான் என்பது அவர் கட்சி. "உன் 1180 வெறும் எலும்புக்கூடுய்யா. நான் சொல்றதுதான் சதையோட இருக்கற ஆளு" என்பார். ஹால்வார் எதைச் செய்தாலும் பக்கத்தில் நின்று தவறு கண்டுபிடிப்பதற்காக ஒத்திகைக்கும் வந்து நின்றார்.

கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். வெளியே ஜூன் மாதத்து மாலை, பகல்போல வெளிச்சம். உள்ளே தார் வாசனையும் யார் யாரோ மூச்சு விடும் சத்தமும்தான்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று பாதிரியம்மா ஆன்யாவின் குரல் ஒரு தூணை நோக்கிக் கேட்டது. "சரி, கையப் பிடிச்சுக்குங்க. எஸ்பென், உன் கையில இருக்கற இந்தக் கைய, சுகத்துலயும் துக்கத்துலயும் விடாம இருப்பியா?"

"இருப்பேன்" என்றான் எஸ்பென் உருக்கமாக.

"தம்பி," என்றது குத்பிரானின் கரகர குரல், "எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. கைய விடு."

இருட்டில் சிரிப்பு வெடித்தது. சில்யே சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. ஹால்வார் மட்டும், "பாத்தீங்களா, என்னமா எதிரொலிக்குது! பெஞ்ச எடுத்தா இன்னும் நல்லா இருக்கும்!" என்று குதூகலித்துக்கொண்டிருந்தார். யோருனும் சிரித்தாள். சிரித்துவிட்டு வெளியே வந்து, கல்மேல் உட்கார்ந்து, கொஞ்சம் அழுதாள். சில்யே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, வேண்டாம்னு நான் சொல்லிடட்டுமா?"

"சொன்னா அவர் ஒடைஞ்சு போயிடுவார்."

"ஆமா. அதான் எனக்கும் வாய் வரல."

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்" என்றாள் யோருன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஊர் கூடியது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: பொது வேலை என்றால் கூலி கிடையாது, வராமலும் இருக்க முடியாது, வந்தால் சுடச்சுட வாஃபிள் அப்பம் கிடைக்கும், வராதவன் பெயர் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும். ஆகவே இரண்டு கரைக்காரர்களும் வந்து பெஞ்சுகளைத் தூக்கிப் புல்லில் வைத்தார்கள். முதுகு வலிக்க வலிக்க வைத்துவிட்டு அவற்றிலேயே உட்கார்ந்து, வாஃபிள்மேல் பழுப்புச் சீஸ் வைத்து மடித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வசந்தத்தில்தான் சுவருக்குப் புதுத் தார் பூசியிருந்தார்கள்; வெயிலில் சுவர் பளபளத்தது.

யோருன் காப்பிக் கெட்டிலோடு வந்தாள். பாதிரியம்மாவின் கோப்பையில் ஊற்றிக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"நெனச்சுப் பாரும்மா ஆன்யா. 1180ல பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ள பீடத்துக்கு முன்னாடி, அந்த இருட்டுல நின்னுதானே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. எவ்ளோ அழகா இருந்திருக்கும்!"

சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனாள்.

அசல்காரரைப் பிடிக்கக் கண்ணி எதுவும் வேண்டாம். பசியைத் தாங்குவார், குளிரைத் தாங்குவார், மயக்க ஊசி இல்லாமல் பல் பிடுங்கினாலும் தாங்குவார். பக்கத்தில் ஒரு தப்பான தகவலைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். ஹால்வாரின் கோப்பை உதட்டுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. காது சிவந்தது. ஒரு விழுங்கு விழுங்கினார். காப்பியை அல்ல, வார்த்தையை. அது இறங்கவில்லை. இருமினார். வேறு பக்கம் பார்த்தார். ஏன் பார்த்தார்? இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாவிட்டால் தப்பு நின்றுவிடுமே!

"பீடத்துக்கு முன்னாடி இல்ல" என்றார் மெதுவாக.

"என்ன சொன்ன?" என்றாள் யோருன் திரும்பாமலே.

"பீடத்துக்கு முன்னாடி இல்லங்கறேன்! வாசல்ல! வெளிய! அந்தக் காலத்துல கல்யாணம் தேவாலய வாசலுக்கு வெளியதான், ஊர் முன்னால. முடிஞ்சப்புறம்தான் பூசைக்கு உள்ள போவாங்க. இதுகூடத் தெரியாமயா இத்தன வருஷம் என்னோட குடித்தனம் பண்ண?"

புல்வெளி முழுக்கத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"அப்டின்னா அப்பா," என்றாள் சில்யே, முகத்தை மிகவும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, "அசலாப் பாத்தா, நாளைக்கு எங்க கல்யாணம் வாசல்லதானே நடக்கணும்?"

ஹால்வார் கதவைப் பார்த்தார். ஒரு வாரம் ஏணியில் ஏறி இறங்கித் தொங்கவிட்ட கம்பளிகளை நினைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் நேர்மையான மனிதர்.

"அசலாப் பாத்தா... ஆமா" என்றார்.

யோருன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, வாஃபிள் சுடுகிற மேஜைக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் ஒரு குதி குதித்தாள். வேறு எந்தப் பள்ளத்தாக்கில் பிறந்திருந்தாலும் அவள் ஜெயித்திருப்பாள். கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் குத்பிரான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எந்த வாசல்?"

தேவாலயத்துக்கு இரண்டு வாசல். மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று.

"மேற்கு வாசல்தான். அங்கதான் டிராகன் செதுக்கின நிலை இருக்கு" என்றார் ஹால்வார்.

"சம்சாரிங்க எல்லாம் அந்தக் காலத்துலேர்ந்து தெக்கு வாசல்லதான் நொழைவாங்க. கிழக்குக் கரைப் பாதை அங்கதான் வருது."

"அதானே பாத்தேன். கிழக்குக் கரை!"

"மேற்குன்னா மட்டும் என்ன, மேற்குக் கரைக்காரன் வீட்டுச் சொத்தா?"

அப்புறம் கேட்கவே வேண்டாம். அதுவரை ஒரே வாஃபிளைப் பிய்த்துத் தின்றவர்கள் எழுந்து இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். பாட்டனுக்குப் பாட்டன்கள் எங்கே விட்டார்களோ அங்கேயிருந்து ஒரு வார்த்தை மாறாமல் தொடர்ந்தார்கள். யோருன் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள். மணப்பெண் ஊர்வலம் மலைப்பாதையில் ஏறி வந்தது. முன்னால் பிடில்காரர், பின்னால் சில்யேவும் எஸ்பென்னும், அதற்குப் பின்னால் யோருனும் வடக்கேயிருந்து வந்திருந்த சம்பந்திகளும். கல்லறைத் தோட்டத்து வாயிலைத் தாண்டியதும் பிடில்காரர் நின்றுவிட்டார்.

பெஞ்சுகளில் பாதி மேற்கு வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. மறு பாதி தெற்கு வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. நடுவில் தேவாலயத்தின் மூலை. இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் நினைத்ததாகவும் தெரியவில்லை. மேற்கு வாசலில் ஹால்வார் நின்று இரண்டு கையாலும் அழைத்தார். தெற்கு வாசலில் குத்பிரான், எங்கிருந்தோ தேடியெடுத்த 1680ஆம் வருஷக் காலத்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பாதிரியம்மா ஆன்யா மூலைக்கு ஓடி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, மூச்சு வாங்கினார். பிடில்காரர் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

சில்யே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கிரீடத்தின் இலைகள் நடுங்கின.

இரண்டு ஸ்டாப்புக்காரர்களும் 'எங்கள் வீட்டு முன்னால்தான் நிறுத்த வேண்டும்' என்று அடித்துக்கொண்டால் பஸ் ஓட்டுகிறவள் என்ன செய்வாள்? நடுவில் நிறுத்துவாள். யோருன் காலமெல்லாம் அதைத்தான் செய்தாள். இப்போதும் அதையே செய்தாள். கையை நேரே நீட்டினாள். மூலைக்கு.

சில்யே புரிந்துகொண்டாள். எஸ்பென்னின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்லில் நேராக நடந்தாள். உள்ளே கனத்த மூலைத்தூண் நிற்கும் இடத்துக்கு வெளியே, இரண்டு சுவரும் சேரும் முனைக்கு முன்னால் போய் நின்றாள். பிடில்காரர் உற்சாகமாகிப் பின்னாலேயே ஓடினார்.

"மூலையிலயா!" என்று மேற்கிலிருந்து ஒரு அலறல் வந்தது.

"மூலையிலயா!" என்று தெற்கிலிருந்தும் வந்தது. பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்கு அப்புறம் இரு கரையும் ஒரே வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

"பெஞ்சத் திருப்புங்கப்பா!" என்று யோருன் பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினாள். பெஞ்சுகள் கரகரவென்று திரும்பின. முட்டி இடித்தது, யாரோ காலை மிதித்தார்கள், ஒரு சம்பந்தி கீழே விழுந்து எழுந்தார். எல்லாருக்கும் மணமக்கள் தெரிந்தார்கள்.

"கொஞ்சம் பின்னாடி போங்க, அந்தக் கடைசியில இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றார் பாதிரியம்மா. எஸ்பென் பின்னால் போனான். இன்னும் கொஞ்சம் போனான். சுவர் வந்துவிட்டது. சாய்ந்துகொண்டான்.

ஹால்வார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எந்த நூற்றாண்டுலயும் மூலையில எவனும்..." என்று ஆரம்பித்தவர், மகளைப் பார்த்தார்.

வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது. சிரிப்பை அடக்கியதில் கன்னம் சிவந்திருந்தது. "இருப்பேன்" என்று அவள் சொன்னபோது தலை அசைந்தது. வெள்ளி இலைகள் ஆடின. கறுப்புச் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி வெளிச்சங்கள் ஓடின. யோருன் தேம்பித் தேம்பி அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததே இல்லை. பக்கத்தில் வந்து நின்ற ஹால்வார் பாதி வாக்கியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு, கையில் ஊசியும் கண்ணாடியுமாக, அப்படியே நின்றார்.

"அசலா?" என்று கேட்டாள் யோருன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அசல் இல்ல" என்றார் ஹால்வார். ஊசியையும் கண்ணாடியையும் சட்டைப்பையில் செருகினார். "ஆனா நல்லா இருக்கு."

அந்த இரண்டு வாக்கியத்தையும் அந்த வரிசையில் அவர் வாழ்க்கையில் சொன்னது அதுதான் முதல் தடவை.

முத்தம் கொடுக்கக் குனிந்த எஸ்பென்னால் குனிய முடியவில்லை. வெயிலில் இளகிய தார் அவன் தோளை விடவில்லை. சில்யே இழுத்தாள். பாதிரியம்மா இழுத்தார். குத்பிரான் வந்து ஃபெரிக்குக் கயிறு இழுப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்தார். பர்ர்ரென்று விட்டு வந்தான். சுவரில் ஒரு தோளும் பாதி முதுகும் அழகாகப் பதிந்து நின்றது. மேற்கும் தெற்கும் சேர்ந்து கை தட்டின.

இத்தோடு ஹால்வார் குணமாகிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அசல்காரர் இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

அடுத்த கோடையில் ஒரு ஜோடி வந்தது. "எங்களுக்கும் அந்த மூலையில" என்றார்கள். அதற்கடுத்து இன்னும் மூன்று ஜோடி. மேற்குக் கரைக்காரருக்கும் மறுப்பில்லை, கிழக்குக் கரைக்காரருக்கும் மறுப்பில்லை. மூலை யாருக்கும் சொந்தமில்லையே. பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் பெண், "இங்கே தொன்றுதொட்டு மூலைக் கல்யாணம்தான் வழக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். போன வருஷம் தலைநகரத்திலிருந்து ஒரு ஜோடி வந்து, உள்ளே பீடத்துக்கு முன்னால் நின்று செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது ஹால்வார் உதட்டைப் பிதுக்கினார்.

"பண்ணிக்கலாம். நல்லாத்தான் இருக்கும். ஆனா மூர்தால் அசல் வழக்கம் மூலைதான்."

பிறகு மறுபடி தார் பூசும் வருஷம் வந்தது. தூரிகையோடு வந்தவர்களை அந்த மூலைக்கு முன்னால் கை இரண்டையும் விரித்து மறித்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, பதிந்திருந்த தோளின் விளிம்பில் விட்டுத் திருப்பினார். "ம்... ம்..." என்றார்.

"இந்த எடத்துல ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. தொடாதீங்க. இது அசல்!"

"அந்தத் தோள் தெக்குச் சுவர்லதான் நெறைய இருக்கு. அதனால அதப் பாதுகாக்கற பொறுப்பு எங்க பக்கம்" என்றார் குத்பிரான்.

"மேற்குச் சுவர்லதான்யா!"

ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் ஒரு தலைமுறைக்கு அந்தப் பதிவுக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று யோருன் சொல்லிவிட்டு, வாஃபிள் மாவைக் கலக்கப் போனாள்.

எஸ்பென் பாவம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாமனார் அவனைக் கூட்டிப்போய் அந்தச் சுவரில் சாய்த்துவைத்து, பதிவோடு பொருந்துகிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பார். இந்தக் கோடையிலும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்க தம்பி. ஆனா கொஞ்சம் பெருத்துட்ட. நீ அசல் இல்ல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இதைப் படிக்கும்போது, 'டிராகன் தலை எல்லா மரத் தேவாலயத்திலும் இருக்குமா', 'நோர்வே வெயிலுக்குத் தார் அவ்வளவு இளகுமா' என்று எங்கேயாவது உங்கள் உதடு லேசாகப் பிதுங்கியதா? நேற்று வீட்டுக்கு வந்தவர் காப்பியை ரசித்துக் குடிக்கும்போது, அசல் காப்பிப் பொடி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவருக்கு விளக்கினீர்களா? அப்படியானால் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்று வாயைத் திறந்து பாருங்கள். பெரிய கண்ணாடி எதற்கு? பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியே போதும்.